உலையை நிறுத்த மாட்டாங்க, ஆளைத்தான் நிறுத்துவாங்க

போன மாசம் எங்க வட்ஸ்அப் குழுவுல ஒரு வீடியோ சுத்திச்சு. முப்பது செக்கன்கூட இல்ல. பெரிய உருக்கு உலையொன்றின் வாய் திறந்திருக்கிறது. உள்ளே கண்ணைக் கூசுற வெளிச்சம். அதுக்கு முன்னால வெள்ளித்தாள் மாதிரி ஒரு கோட்டுப் போட்ட ஆள், தோள் உயரத்துக்கு ஒரு நீளக் குழாயைத் தூக்கிப் பிடிச்சு உள்ளே எதையோ பீய்ச்சி அடிக்கிறார். பின்னணியில சினிமா மாஸ் இசை. கீழே "இரும்பு மனிசன்", "சிங்கம்டா", நெருப்பு எமோஜி ஒரு வரிசை.

நாங்களும் ஹார்ட் போட்டோம், மறைக்க ஒண்ணுமில்ல. இராகலைப் பக்கத்துல இருந்து கொழும்புக்கு அங்கால பழைய இரும்பு உருக்குற ஒரு இடத்துக்கு வேலைக்குப் போன அண்ணன் ஒருத்தர் குழுவுல இருக்கார். சாதாரணமா எதுவும் எழுத மாட்டார். அன்னைக்கு ராத்திரி பதினொரு மணிக்கு ஒரே ஒரு வரி போட்டார்: "தம்பிகளா, அந்த எடத்துல ஏன் ஆள் நிக்கிறான்னு ஒருத்தனும் கேக்கலயே."

அதுக்குப் பிறகு யாரும் எமோஜி போடல. நாங்க கேட்கப் போனோம். வாசிச்சோம், அவர்கிட்ட போன்ல மணிக்கணக்காப் பேசினோம். அதிலிருந்து வந்த கோபம்தான் இது.

முதல்ல, அந்த ஆள் என்ன செய்கிறார்? இரும்பு உருகுவது 1538 பாகை செல்சியசில். உருக்கு செய்யிற உலைக்குள்ள சூடு 1600ஐத் தாண்டும். ஆனா உலையோட வெளிக்கூடும் உருக்குத்தான். உள்ளே கொதிக்கிறதும் அதே சாமான், வெளியே தாங்கிப் பிடிக்கிறதும் அதே சாமான். இரண்டுக்கும் நடுவுல இருக்கிறது நெருப்பைத் தாங்குற கல்லால கட்டின உட்சுவர் மட்டும். பெரிய உருக்காலைகளில் அது பெரும்பாலும் மக்னீசியாவும் காபனும் கலந்த கல். மக்னீசியா உருக 2800 பாகை வரைக்கும் வேணும். எங்கட பாட்டன் பூட்டன்களில் நிறையப் பேர் கப்பலேறின சேலம் ஜில்லாவில, ஏற்காட்டு மலை அடிவாரத்துல, வெள்ளை வெளேர்னு கிடக்கிற சுண்ணாம்புக்கரடு இந்தக் கல்லுக்கான மூலப்பொருள்தான். மக்னசைட்டை வெட்டியெடுத்து, சுட்டு, உலைக்கல்லாக்குவாங்க.

கல் உருகாது, ஆனா கரையும். உருக்கு மேல மிதக்குற கசடு அதைத் தின்னும். பழைய இரும்பைக் கொட்டும்போது இடிபடும். ஒவ்வொரு ஈடு இறக்கும்போதும் சூடும் குளிரும் மாறி மாறி வெடிக்க வைக்கும். (இட்லிக்குச் சொல்ற அதே ஈடுதான், இதைவிடப் பொருத்தமான வார்த்தை எங்களுக்குக் கிடைக்கல.) எல்லா இடமும் ஒரே மாதிரித் தேயாது. கசடு நிக்கிற மட்டத்துல, இரும்பு விழுற பக்கத்துல, ஊத்துற துவாரத்தைச் சுத்தி முதல்ல குழி விழும். அந்தக் குழியை அடைக்கிறதுக்கு உலையைக் குளிர வைக்காம, சிவந்த சுவர் மேலேயே மக்னீசியாத் தூளைக் காற்றழுத்தத்துல அனுப்பி, குழாய் நுனியில தண்ணி கலந்து பீய்ச்சி அடிக்கிறாங்க. தண்ணி உடனே ஆவியாகும், தூள் சுவரில் ஒட்டும். கொஞ்சம் ஒட்டாமத் தெறிச்சுக் கீழ விழும். ஒட்டினதும் சில ஈடுதான் தாங்கும், பிறகு திரும்ப அடிக்கணும். இதுக்குப் பேர்தான் சூட்டோட பழுதுபார்க்கிறது. வீடியோவில் நாங்க பார்த்த சிங்கம் செஞ்ச வேலை இது.

"சரி, குளிர வச்சுட்டுச் செஞ்சா என்ன?" எங்களுக்கு முதல்ல வந்த கேள்வி இதுதான். அண்ணன் சிரிச்சார். ஒரு பெரிய உலையைக் குளிர வச்சு, கல் மாத்தி, மெதுவா மெதுவாச் சூடேத்தி வேலைக்கு எடுக்க நாள்கள் போகும். அவ்வளவு நாளும் ஒரு தொன் உருக்கும் வராது. அது பணக் கணக்கு. ஆனா இதுல பணம் மட்டும் இல்ல, கல்லோட குணமும் இருக்கு என்றதை நாங்க மறைக்க விரும்பல. நிலக்கரியைக் கோக்காக்குற அடுப்புச் சுவர் சிலிக்காக் கல். அதைக் குளிர விட்டா, உள்ளே படிக அமைப்பு மாறிச் சுருங்கும். 300 பாகைக்குக் கீழே அந்த மாற்றம் ரொம்ப வேகம். சுவரெல்லாம் பாளம் பாளமா வெடிச்சிரும். ஒரு தடவை பத்த வச்சா பல பத்து வருசத்துக்கு அணைக்கவே முடியாத அடுப்பு அது. அங்கே சூட்டோட ஒட்டுப்போடுறதைத் தவிர வேற வழியில்ல. பெல்ஜியத்துக் கண்ணாடிக் கம்பனியான கிளாவர்பெல் இதுக்கு ஒரு முறையைக் கொண்டு வந்தது. சிலிக்கன், அலுமினியம் போன்ற உலோகத் தூளையும் கல் தூளையும் ஒட்சிசனோட சேர்த்து சூடான சுவரில் அடிக்க, தூள் அங்கேயே எரிஞ்சு, அந்தச் சூட்டில கல்லும் கல்லும் ஒண்ணா உருகி ஒட்டிக்கொள்ளும். கெட்டிக்கார வேலை. அதைக் கண்டுபிடிச்சவங்களுக்கு எங்க மரியாதை.

ஆகவே "சூட்டோட பழுதுபார்க்கவே கூடாது" என்று நாங்க சொல்ல வரல. அப்படிச் சொல்றவன் உலையைப் பத்தித் தெரியாதவன். எங்க சண்டை வேற. உலை சூடா இருக்கணும், சரி. அதுக்கு முன்னால ஒரு மனுசன் நிக்கணும்னு எந்தக் கல் சொல்லுச்சு?

பழைய திறந்த அடுப்பு உலைக் காலத்துல, ஈடு இறக்கின உடனே ஆட்கள் வரிசையா வந்து, சவளால டொலமைட்டை அள்ளி உலை வாய்க்குள்ள வீசிட்டு, முகத்தைத் திருப்பிக்கிட்டு ஓடுவாங்க, அடுத்தவன் வருவான். சவள் போய்க் குழாய் வந்தது. குழாயைப் பிடிக்க யந்திரக் கை வந்தது. உலைச் சுவர் எங்கே எத்தனை சென்ரிமீற்றர் தேஞ்சிருக்குன்னு தூரத்துல இருந்தே லேசர் கதிரால் அளக்கிற கருவி வந்தது. 1990களில் அமெரிக்காவில் இன்னொண்ணு பரவிச்சு. உருக்கை இறக்கின பிறகு கொஞ்சம் கசடை உள்ளேயே விட்டு, மக்னீசியா கலந்து கெட்டியாக்கி, மேலிருந்து நைதரசனை வேகமா ஊதுறது. கசடு தெறிச்சு நாலு பக்கமும் சுவரில் பூச்சாப் படியும். சில நிமிச வேலை. ஒட்சிசன் ஊதுவதற்கென்று ஏற்கெனவே இருக்கிற குழாயாலேயே நைதரசனும் போகும். உலை வாய்க்கு முன்னால ஒருத்தரும் இல்ல. கல்லைத் தின்ன அதே கசடே கல்லுக்குக் கவசம். முன்னே ஓராயிரம், ஈராயிரம் ஈட்டோட தேஞ்சு போன உட்சுவர்கள் இதனால் பத்தாயிரத்துக்கு மேலயும் போயிருக்கு.

இதைத் தெரிஞ்ச பிறகு அந்த வீடியோவைத் திரும்பப் பாருங்க. முப்பது வருசத்துக்கு மேலா வழி இருக்கு. யந்திரக் கை இருக்கு, லேசர் இருக்கு. அப்படியும் ஒரு ஆலையில ஆள் நிக்கிறான் என்றால், யந்திரத்தை விட அவன் மலிவு. வேற காரணம் இல்ல. கீழ ஓடுற மாஸ் பாட்டு அந்த மலிவுக்குப் போட்ட வெள்ளைப்பூச்சு. இதை நாங்க வேற எங்க பார்த்திருக்கோம் என்று யோசிச்சா விடை தூரத்துல இல்ல. முதுகுல மழை வடிய கொழுந்து எடுக்கிற எங்க அம்மாக்களைச் சிரிக்க வச்சுப் படம் எடுத்துத் தேயிலைப் பெட்டியில ஒட்டுறவன் செய்றதும் இதுதான். அங்க சிரிப்பு, இங்க சிங்கம்.

இந்த நாட்டுக்கு உருக்கு புதுசும் இல்ல. எங்க மத்திய மலைநாட்டின் தெற்குச் சரிவில், சமனலவெவ பக்கத்துல, தென்மேற்குப் பருவக்காத்தை நேராக வாங்கி எரிஞ்ச பழைய இரும்பு உலைகளைத் தொல்லியலாளர் கில் ஜுலெஃப் கண்டுபிடிச்சு, 1996இல் நேச்சர் சஞ்சிகையில் எழுதினார். ஆயிரம் வருசத்துக்கு முந்தின உலைகள். அதே மாதிரி ஒண்ணைக் கட்டி எரிச்சும் காட்டினார், உருக்கு வந்தது. எங்களைப் பிடிச்ச விசயம் அதோட சுவர். பின்சுவர் நிரந்தரம். முன்சுவரை ஒவ்வொரு ஈட்டுக்கும் உடைச்சு, இரும்பை எடுத்து, புதுசாக் களிமண்ணால கட்டினாங்க. உலை தேயும் என்றதைக் கணக்குலயே சேர்த்திருந்தாங்க. பழைய காலம் சொர்க்கம்னு நாங்க சொல்லல. ஆனா எந்தச் சுவர் போகும், அதை எப்ப உடைக்கணும் என்று முன்கூட்டியே தீர்மானிச்ச உலை அது. (அந்த இடத்துல ஒரு பகுதி இப்போ நீர்த்தேக்கத்துக்கு அடியில. அந்த அணையும் ஒழுகுற அணை, தண்ணியை வத்த வைக்காமலே மண்ணைக் கொட்டி அடைக்கப் பார்த்தாங்க. அது வேற கதை, ஆனா ரொம்ப வேறயும் இல்ல.)

எப்ப நிறுத்தணும் என்று தீர்மானிக்காம ஒட்டு மேல ஒட்டுப் போட்டுக்கொண்டே போனால் என்ன நடக்கும்? 2001 நவம்பர் 8, வேல்ஸ் நாட்டின் போர்ட் டல்பட். கோரஸ் கம்பனியின் ஐந்தாம் இலக்க ஊதுலை. வயசான உலை. சுவரைக் குளிர வைக்கிற தண்ணீர் உள்ளே கசிஞ்சு, கொதிக்கிற சாமானோட சேர்ந்து வெடிச்சது. ஆயிரக்கணக்கான தொன் எடையுள்ள உலை அப்படியே முக்கால் மீற்றர் அளவுக்கு மேலே எழும்பி உட்கார்ந்தது. மூன்று பேர் செத்தாங்க. 2006இல் கம்பனிக்கு 13 இலட்சத்து 30 ஆயிரம் பவுண் தண்டம். இது இங்கிலாந்துச் சட்டமும், பரிசோதகர்களும், பலமான தொழிற்சங்கமும் இருந்த இடத்துல நடந்தது.

பக்கத்து நாட்டுக்கு வருவோம். 2018 ஒக்டோபர் 9, பிலாய் உருக்காலை. கோக் அடுப்புகளின் வாயுக் குழாயில் பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருக்கும்போது வெடிச்சது. பத்துப் பேருக்கு மேல் இறந்தாங்க, பாதுகாப்புக்கு நின்ன தீயணைப்புக்காரங்களும் அதில் சேர்த்தி. இது கல் ஒட்டுற வேலை இல்ல, ஒத்துக்கொள்கிறோம். ஆனா ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் உடம்பைத் திறந்து பழுதுபார்க்கிற வேலை எப்படிப்பட்டது என்றதுக்கு இதைவிடக் கிட்டின சாட்சி எங்களுக்குத் தெரியாது.

சரி, இலங்கையில என்ன? தாதுவை உருக்குற ஊதுலை இங்க இல்ல. 1960களில் சோவியத் உதவியோட ஒருவலையில் இலங்கை உருக்குக் கூட்டுத்தாபனம் வந்தது, தொண்ணூறுகளில் தனியாருக்குப் போனது. இப்ப இருக்கிறது பெரும்பாலும் கம்பி இழுக்கிற ஆலைகள், பழைய இரும்பை உருக்குற தூண்டல் உலைகள், சின்னச் சின்ன வார்ப்புப் பட்டறைகள். எங்க அண்ணன் நிக்கிறது அப்படியொரு தூண்டல் உலைக்கு முன்னால. அங்க லேசரும் இல்ல, யந்திரக் கையும் இல்ல.

தூண்டல் உலை எப்படி இருக்கும் என்றால், தண்ணி ஓடுற செப்புக் குழாய்ச் சுருள் ஒண்ணு, அதுக்கு உள்பக்கம் சிலிக்காத் தூளைத் திமிசு போட்டு இறுக்கிச் சுட்ட சுவர். பெரும்பாலும் ஒரு சாண் தடிப்புக்கூட வராது. அந்தப் பக்கம் 1600 பாகை இரும்பு, இந்தப் பக்கம் தண்ணி. சுவர் வெடிச்சு இரும்பு சுருளைத் தொட்டால் தண்ணி ஆவியாகி வெடிக்கும். அதைச் சொல்லத்தான் மின்கசிவு பார்க்கிற அலாரம் இருக்கு. அண்ணன் இருக்கிற இடத்துல அது அடிக்கடி கத்தும். "கத்தினா என்ன செய்வீங்க?" என்று கேட்டோம். "சுப்பவைசர் வந்து ஒரு தரம் பாப்பாரு. இந்த ஈட்டை இறக்கிட்டு மேல கொஞ்சம் பூசுங்கடாம்பாரு. ஈடு இறக்கி, உள்ள செவசெவன்னு இருக்கும்போதே ஈரத் தூளைக் குழைச்சுக் கரண்டியால அப்புவோம். காயுறதுக்குள்ள அடுத்த இரும்பக் கொட்டிருவாங்க." ஈரம் காயாத ஒட்டு மேல உருகின இரும்பு. படிச்சவங்களுக்கு இதை விளக்கத் தேவையில்ல, படிக்காத அண்ணனுக்கும் இது தெரியும். தெரிஞ்சும் செய்றார்.

இன்னொண்ணு புகைக்குள்ள மறைஞ்சிருக்கு. சிலிக்காச் சுவரை இடிச்செடுக்கும்போது கிளம்புற நுண்தூசி. சூட்டுல குவார்ட்ஸ் கிறிஸ்டோபலைட்டா மாறும், நுரையீரலுக்கு இன்னும் கேடு. சுவாசப்பைக்குள்ள போனது வெளியே வராது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1997இலேயே படிகச் சிலிக்காத் தூசியை மனிதருக்குப் புற்றுநோய் தரும் முதலாம் வகுப்பில் போட்டது. வெடிப்பு நடந்தா பத்திரிகையில வரும். சிலிக்கோசிஸ் வந்தா, பதினைந்து வருசம் கழிச்சு, வலப்பனையிலயோ நுவரெலியாவுலயோ ஆஸ்பத்திரி வரிசையில "இழுப்பு" என்று துண்டுல எழுதுவாங்க. எந்த உலை, எந்த வருசம்னு யாரும் கேட்க மாட்டாங்க. 1934இல் வந்த தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் நமக்கு இருக்கு. ஆனா கொந்தராத்துக்காரனிடம் பேர் பதியாம நாட்சம்பளத்துக்கு நிக்கிறவன் எந்தக் கடுதாசியைத் தூக்கிக்கொண்டு யார்கிட்டப் போறது?

நம்ம பையன்கள் ஏன் போறாங்க என்று கேட்கிறவங்களுக்கும் பதில் வச்சிருக்கோம். 2021இல் ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்கு எத்தனை வருசம் தெருவில நின்னோம், 2024இல் 1350 ஆக்க எவ்வளவு இழுபறி என்று இந்த வலைப்பூவை வாசிக்கிறவங்களுக்குத் தெரியும். அதுவும் நிறை குறைஞ்சா அரைப்பேர். அந்தக் கணக்கோட பார்த்தா உலை வாசல் நல்ல சம்பளம். அப்படித்தான் மலிவான ஆள் உருவாகிறான். உலை முதலாளிக்கு யந்திரம் வாங்காம இருக்க முடியுறதுக்குக் காரணம் எங்கட லயத்துல இருக்கு.

தோட்டத்து ஸ்டோர்லயும் இதைச் சின்ன அளவுல பார்க்கலாம். கொழுந்து கூடுற மாசங்கள்ல ட்ரையர் இரவு பகலா ஓடும். விறகு அடுப்புக்குள்ள கல் ஒண்ணு விழுந்துட்டா, அடுப்பை ஆறப் போட்டுப் பூசுறதா, தணலை ஒதுக்கிட்டு ஒரு ஆளைத் தலையை நீட்டச் சொல்றதா? எங்க குழுவுல இரண்டு பேரோட அப்பாக்கள் அந்தத் தலையை நீட்டினவங்கதான். புருவம் பொசுங்கின கதையைச் சிரிச்சுக்கிட்டே சொல்வாங்க. அந்தச் சிரிப்பையும் நாங்க ரொம்ப நாளா வீரம்னு நினைச்சோம்.

இதை எழுதுமுன் ஊர்ல ஒரு மாமாவிடம் வாசிச்சுக் காட்டினோம். அவர் சொன்னார்: "எல்லாத்தையும் மிசினு செஞ்சிட்டா நம்ம புள்ளைங்க என்னத்தப்பா செய்றது? இருக்குற பொழப்பையும் கெடுத்துருவீங்க போல." இது லேசான கேள்வி இல்ல, அவரை மடையனாக்கிட்டுப் போக எங்களுக்கு மனசில்ல. ஆனா மாமா, யந்திரக் கையை இயக்கவும் ஆள் வேணும், லேசர் அளவை வாசிக்கவும் ஆள் வேணும், இடிச்ச சுவரைப் புதுசாக் கட்டவும் கை தேர்ந்த கொத்தனார் வேணும். உலைக்கல் கட்டுறது லேசுப்பட்ட வேலையில்ல, சூடேறினா கல் எவ்வளவு விரியும் என்று கணக்குப் பார்த்து இடைவெளி விடணும். அந்த வேலைகளுக்கு நம்ம பிள்ளைகளைப் பழக்குங்க என்று கேட்கலாமே. நெருப்பு முன்னால நிக்கிற வேலை போயிரும்னு பயந்து, அதையே காப்பாத்திக் கொடுங்க என்று ஏன் கேட்கணும்?

கட்டாரில் 2021இல் ஒரு விதி போட்டாங்க. காற்றின் ஈரம், வெயில், வெப்பம் எல்லாம் சேர்த்து அளக்கிற சுட்டெண் 32.1 பாகையைத் தாண்டினா வெளிவேலையை நிறுத்தணும். எத்தனையோ பேர் செத்த பிறகு வந்த விதி, ஒழுங்கா நடக்குதா என்றது இன்னொரு சண்டை. ஆனா ஒரு இலக்கம் இருக்கு, அதைக் காட்டி ஒருத்தன் குழாயைக் கீழ வைக்கலாம். எங்க அண்ணன் நிக்கிற இடத்துல அப்படியொரு இலக்கம் சுவர்ல எழுதியிருக்கா? அலாரம் எத்தனை தடவை கத்தினா உலையை நிறுத்தணும், ஒட்டு எத்தனை நிமிசம் காயணும், சுவர் எத்தனை அங்குலத்துக்குக் கீழே போனா ஒட்டே கூடாது? இந்த மூணையும் எழுதி ஒட்டச் சொல்லிக் கேட்க ஒரு வெள்ளைத் தாள் போதும். அண்ணன் கேட்டார். "ஒனக்குப் பயமா இருந்தா ஊருக்குப் போ" என்று பதில் வந்தது.

போகல. தங்கச்சிக்கு இந்த வருசம் உயர்தரப் பரீட்சை.

நேத்து ராத்திரி கூப்பிட்டு, "இப்ப எப்படி அண்ணே?" என்று கேட்டோம். ஞாயித்துக்கிழமை உலையை ஆற விடுறாங்களாம், சுவர் ஒட்டுக்குள்ள அடங்காத அளவுக்குப் போயிருச்சாம். இடிக்கிறது இவங்க நாலு பேர். கம்பனி கொடுக்கிறது ஆஸ்பத்திரியில மாட்டுற நீல மாஸ்க். "தூசிக்கு நல்ல மாஸ்க்குன்னா என்னா வெலை வரும், பாத்துச் சொல்றீங்களா?" என்றார். தேடிப் பார்த்து, வடிகட்டியோட வர்றதன் விலையை அனுப்பினோம். இரண்டு நீலக் கோடு விழுந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, "நாலு பேருக்கு ஒண்ணு வாங்கி மாத்தி மாத்திப் போடலாமா?" என்று கேட்டிருந்தார்.